ஒக்டோபரில் கேட்டால் வன்னியில் காசு எங்கே இருக்கும்?

மறைபரப்பு ஞாயிறு, அதாவது உலகெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் மறைபரப்புப் பணிக்கென்று காணிக்கை எடுக்கும் நாள், ஆண்டுதோறும் ஒக்டோபரின் கடைசி ஞாயிறுக்கு முதல் ஞாயிறு வரும். 1926இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் அதை ஏற்படுத்தியபோது வன்னியின் பெரும்போகத்தை யோசித்திருக்க நியாயமில்லை. ஆனால் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கோயில் பங்கில் அந்தக் காணிக்கை உறைகளைக் கொடுத்து வாங்கும் பொறுப்பு கைக்கு வந்தால் முதலில் இடிப்பது அதுதான். ஒக்டோபர் உழவும் விதைப்புமான காலம். உழவு இயந்திரக் கூலி, விதைநெல், பசளை, களைநாசினி என்று வீட்டிலிருந்த காசெல்லாம் வயலுக்குள் இறங்கியிருக்கும். காதிலும் கழுத்திலும் கிடந்தது அடைவுக்குப் போயிருக்கும். முல்லைத்தீவுக் கரையோரப் பங்கென்றால் நவம்பர் பிறந்தால் கடல் குழம்பிவிடுமே என்ற யோசனை. அந்த நேரம் பார்த்து உறையை நீட்டினால் இருபது ரூபாத் தாள்தான் வரும். சில உறைகள் ஒன்றுமே இல்லாமல், ஆனால் பத்திரமாக ஒட்டப்பட்டு வரும். வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க வெட்கம்.

நான் கத்தோலிக்கம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. ஞாயிறு மறைப்பாடசாலையிலிருந்து இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. பங்குத்தந்தையர் மாறி மாறி வந்து போனார்கள். மறைபரப்புக் காணிக்கை வேலை மட்டும் என்னோடும் அன்பியங்களின், அதாவது பங்குக்குள் அயல் வீடுகள் சேர்ந்த சிறு குழுக்களின், பொறுப்பாளர்கள் சிலரோடும் தங்கிவிட்டது. இந்த வேலையைப் புதிதாகப் பொறுப்பெடுத்த வேறு பங்குக்காரர் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லி வந்ததைத்தான் எழுதுகிறேன்.

பங்கின் அருட்பணிச் சபைக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்ததும் வயதான ஒருவர் எழும்பினார். எதற்கும் முதலில் எழும்புகிறவர். "டீச்சர், எங்கட கோயில் மதிலே இன்னும் கட்டி முடியேல்ல. நாங்கள் ஆருக்கு அனுப்பிறது?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வைத்திருக்காமல் யாரும் பங்கில் மறைபரப்புக் காணிக்கை கேட்கக் கூடாது. உலகத்தின் ஆன்மாக்கள், மீட்பு என்று பொதுவாகச் சொன்னால் சனம் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும். நான் கணக்கைச் சொன்னேன். அந்த ஞாயிறு எடுக்கும் காணிக்கையில் பங்குக்கென்று எதுவும் பிடிப்பதில்லை. அது மறைமாவட்டத்துக்குப் போகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு என்றால் யாழ்ப்பாண மறைமாவட்டம், வவுனியா என்றால் மன்னார் மறைமாவட்டம். அங்கிருந்து, திருத்தந்தையின் கீழ் இயங்கும் பாப்பிறை மறைபரப்புச் சபைகளின் பொது நிதியில் சேர்கிறது. அந்த நிதியிலிருந்துதான் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மறைமாவட்டங்களுக்குக் கோயில் கட்டவும், மறையாசிரியர்களை வைத்திருக்கவும், குருமாணவர்களைப் படிப்பிக்கவும் உதவி போகிறது. இலங்கையின் மறைமாவட்டங்களும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஆக, நாங்கள் வாங்குகிற வரிசையிலும் நிற்கிறோம், கொடுக்கிற வரிசையிலும் நிற்கிறோம். எங்கோ ஒரு ஊரில் ஒரு கிழவி அந்த ஞாயிறு உறைக்குள் வைத்த காசும் இங்கே வந்திருக்கும்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரி. ஆனா நெல்லு வெட்டின பிறகு கேளுங்கோ."

எங்கள் பங்கில் நடந்ததெல்லாம் அந்த ஒரு வசனத்திலிருந்து தொடங்கியதுதான். மறைபரப்பு ஞாயிறை எங்களால் மாற்ற முடியாது, அது உலகம் முழுவதுக்கும் ஒரே நாள். ஆனால் அன்று கையளிக்கும் காணிக்கையை அன்றுதான் சேர்க்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. தை கடைசியிலிருந்து பங்குனி வரை வெட்டு நடக்கும். அப்போது தொடங்கி ஒக்டோபர் வரை சிறுகச் சிறுகச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. காசாக வேண்டாம், பிடியரிசியாகச் சேர்ப்போம் என்றது பெண்கள்தான். உலையில் போட அரிசி அளக்கும்போது அதில் ஒரு பிடியை எடுத்து வேறு பாத்திரத்தில் போடுவது எங்கள் அம்மாமாரின் பழக்கம். யாருக்கும் விளக்கம் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை.

இதை உங்கள் பங்கில் செய்ய நினைத்தால் ஒன்றை முன்கூட்டியே யோசியுங்கள். பிடியரிசி சேர்ப்பது சுகம், விற்பதுதான் கரைச்சல். ஒரு வீட்டில் சம்பா, ஒரு வீட்டில் நாடு, இன்னொரு வீட்டில் சிவப்புப் பச்சை, நிவாரண அரிசி தின்று பழகிய வீட்டில் வெள்ளைப் பச்சை. எல்லாவற்றையும் ஒரே உரப்பையில் கொட்டினால் அது ஒரு அரிசியும் இல்லை. வேகும் நேரமே வேறு வேறு. கடைக்காரர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கோழித் தீவன விலை சொன்னார். எங்கள் அன்பியத்தில் அரிசிமா ஆலைக்குப் போய்வரும் ஒரு அக்காதான் வழி கண்டார். புழுங்கலையும் பச்சையையும் மட்டும் பிரித்துவிடு, மிச்சம் பார்க்கத் தேவையில்லை. பச்சையரிசி எந்த நிறமாக இருந்தாலும் ஊறவைத்து இடித்தால் மா. மாவை வறுத்துப் பொதி செய்தால் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசியை விட நல்ல விலை. கலப்புப் புழுங்கலை கன்னியர் நடத்தும் விடுதி கஞ்சிக்கென்று எடுத்துக்கொண்டது. அதன்பிறகு அன்பியத்துக்கு இரண்டு வாளி, ஒன்றில் பச்சை என்றும் மற்றதில் புழுங்கல் என்றும் சுண்ணாம்பால் எழுதி வைத்தோம். மூடி இறுக்கமான வாளியாகப் பாருங்கள், வண்டு விழும். மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் எடுத்துவிடுங்கள். வேப்பிலை போட்டு வைத்தாலும் மாசி வெயிலில் வண்டு வண்டுதான்.

கரையோரப் பங்கொன்றில் இதையே மீனில் செய்கிறார்கள். சோளகம் பிறந்து மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் ஒரு நாள் உழைப்பைத் தருகிறார்கள். வவுனியாப் பக்கத்தில் தோட்டம் செய்கிறவர்கள் பூசணியும் உழுந்தும் தருகிறார்கள். எது எப்போது விளைகிறதோ அதை அப்போது கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

பிரசங்கம் பற்றி ஒரு சொல். மறைபரப்பு ஞாயிறு என்றதும் மாற்கு 12ஆம் அதிகாரத்து ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை எடுத்துவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. வன்னியில் வேண்டாம். எங்கள் கோயிலின் இடது பக்க வரிசைகளில் போரில் புருசனைப் பறிகொடுத்த பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பீடத்திலிருந்து பார்த்தாலே தெரியும். தன்னிடமிருந்த எல்லாவற்றையும் போட்டாள் என்று அவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அதைக் கேட்டு அடுத்த நாள் நுண்கடன் தவணைக்கு வைத்திருந்த காசை உண்டியலில் போட்டுவிட்டு, தவணைக்காரன் வரும்போது பின்வளவுக்குள் ஒளிந்து நிற்கப் போகிறவர்களும் அவர்கள்தான். இதை ஒரு இளம் பாதரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அந்த ஆண்டு லூக்கா நற்செய்தியில் எம்மாவுஸ் வழியில் போன இரண்டு பேரைப் பற்றிப் பேசினார். ஊரை விட்டு நடந்தவர்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தவர்கள், வழியில் வந்த ஒருவரோடு அப்பம் பிட்ட பிறகு அதே இரவு திரும்பி ஓடியவர்கள். ஊரைவிட்டு நடப்பதென்றால் என்னவென்று எங்கள் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கோயில் அன்று அவ்வளவு அமைதி.

படங்களும் அப்படித்தான். எலும்பும் தோலுமாகத் தட்டேந்தி நிற்கும் பிள்ளையின் படம் போட்ட சுவரொட்டிகள் எங்கிருந்தோ வரும். எங்கள் கோயிலில் அவற்றை ஒட்டுவதில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குப் பின்னால் நின்று நாங்களே அந்தப் படமாக இருந்தவர்கள். ஒரு அமைப்பு வந்து கதிரை போட்டு உட்கார்ந்து எல்லோருடைய கதையையும் எழுதி, படம் பிடித்துப் போனது. பிறகு அவர்களைக் காணவில்லை. படம் எங்கே போயிற்று, எதற்குப் பயன்பட்டது என்று இன்றைக்கும் தெரியாது. அதை அனுபவித்தவர்கள் இன்னொரு பிள்ளையை அப்படிப் பார்த்துக் காசு போட விரும்பமாட்டார்கள். சுவரொட்டிக்குப் பதில் ஒரு உலகப்படம் ஒட்டினோம். அதன் பக்கத்தில் பிள்ளைகள் தாங்களே எழுதிய சிறு குறிப்புகள்.

இப்போது பவுலின் ஜாரிகோவின் கதை. மறைபரப்புக்காகப் பேசுகிறவர்களில் பலருக்கு இந்தப் பெண்ணைத் தெரியாதது எனக்கு எப்போதும் வியப்பு. பிரான்சில் லியோன் நகரத்து வசதியான பட்டு வியாபாரக் குடும்பத்தில் 1799இல் பிறந்தவர். கன்னியர் மடத்தில் சேராத பொதுநிலைப் பெண். சகோதரியின் கணவருடைய பட்டு ஆலையில் வேலை செய்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு சூ, அதாவது எங்கள் பக்கத்தில் ஒரு சதம் என்பார்களே அப்படியொரு சில்லறை, மறைபரப்புக்காகச் சேர்க்கத் தொடங்கினார். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு. பத்துப் பத்துகளுக்கு மேலே இன்னொருவர். அப்படியே ஆயிரம். 1822இல் அது விசுவாசப் பரப்புதல் சபையாக உருவெடுத்தது. நூறாண்டு கழித்து 1922இல் உரோமை அதைத் தன் சொந்தச் சபையாக எடுத்துக்கொண்டது. ஜாரிகோ தன் கடைசிக் காலத்தில், தொழிலாளருக்காகத் தொடங்கிய ஒரு முயற்சியில் நம்பியவர்களால் ஏமாற்றப்பட்டு, சொத்தெல்லாம் போய், கடனோடு, ஏழையாக 1862இல் இறந்தார். 2022 மே மாதம் லியோனில் அவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது.

இந்தக் கதையை நான் பிரசங்கத்துக்காக வைத்திருக்கவில்லை. எங்கள் பங்கில் விடியற்காலை ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு நாள் வேலை. ஞாயிறும் சில வேளை மேலதிக நேரம். அன்பியக் கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது; வரவில்லை என்று மற்றவர்கள் குறை சொல்வார்கள். ஒரு ஞாயிறு மாலை அவர்களில் சிலரை பங்குத்தந்தையின் அறைவீட்டு விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துக் கதையைச் சொன்னேன். பட்டு ஆலைப் பெண்கள் என்றதும் நிமிர்ந்தார்கள். எத்தனை மணித்தியாலம் வேலை, சம்பளம் எவ்வளவு, ஆண் மேற்பார்வையாளரா என்று ஒரே கேள்வி. சபை தொடங்கிய கதையை விட, ஜாரிகோ ஏமாற்றப்பட்ட கதைதான் அவர்களுக்குப் பிடித்தது. "பாவம், எங்கட சீட்டுக் காசு போன மாதிரி" என்றாள் ஒருத்தி. அந்தப் பிள்ளைகள் பஸ்ஸுக்குள்ளேயே பத்துப் பேராகச் சேர்ந்துவிட்டார்கள். சம்பள நாளில் ஆளுக்கு ஐம்பது ரூபா, ஒருத்தி கொப்பியில் எழுதி வைத்திருப்பாள். கூட்டம் இல்லை, தலைவர் இல்லை, செயலாளர் இல்லை. வேலைக்குப் போகிறவர்களை ஞாயிறு பகல் கூட்டத்துக்குள் அடைக்க முயலாமல் அவர்கள் இருக்கிற இடத்தில் விட்டுவிட வேண்டும் என்று அப்போதுதான் எங்கள் அருட்பணிச் சபைக்கும் விளங்கியது.

பெரியவர்களை அசைத்தது வேறொன்று. எங்கள் பக்கத்துக் குருவானவர் ஒருவர் பாகிஸ்தானில் பணிசெய்கிறார். இலங்கையின் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் 1971இலேயே அங்கு போய்விட்டார்கள். ஆனால் எங்கள் சனத்துக்கு அது தெரியாது. மிசனரி என்றால் தாடி வைத்த வெள்ளைக்காரர் இங்கே வருவது, இங்கிருந்து யாரும் போவது கிடையாது என்ற எண்ணம். அவரிடம் வட்ஸ்அப்பில் குரல் பதிவு கேட்டோம். நீளமாக வேண்டாம், ஊர்ப் பேச்சில் சொல்லுங்கோ என்று கேட்டோம். பூசை முடிந்ததும் தொலைபேசியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்துப் போட்டோம். உருது படித்த கஷ்டம், ரொட்டியும் பருப்பும், வெயில் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், செங்கல் சூளையில் வேலை செய்யும் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அதைக் கழிக்க முடியாமல், தகப்பனுடைய கடனுக்கு மகனும் கல் அறுப்பது. கோயிலுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கடன் என்ற சொல்லுக்கு வன்னியில் விளக்கம் வேண்டாம்.

அதிலிருந்து ஒரு சிக்கலும் வந்தது. எல்லோருக்கும் அந்தப் பாதருக்கே நேரடியாகக் காசு அனுப்ப ஆசை. குரல் கேட்டிருக்கிறது, ஊர்ப் பையன், முகம் தெரியும். அனுப்புவதில் பிழையில்லை, தனியாக அனுப்பலாம். ஆனால் மறைபரப்பு ஞாயிறுக் காணிக்கையை அதற்குத் திருப்பக் கூடாது என்பதில் நான் விடாப்பிடியாக நின்றேன். ஊரில் ஆள் இல்லாத, வட்ஸ்அப்பில் பேசத் தெரியாத, யாருக்கும் முகம் தெரியாத ஒரு மறைமாவட்டத்துக்கும் பங்கு போகத்தான் பொது நிதி என்று ஒன்று இருக்கிறது. நிவாரண வரிசையில் உள்ளே ஆள் தெரிந்தவனுக்கு முதலில் கிடைத்ததை நாங்கள் பார்த்திருக்கிறோமே என்று கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. உள்ளுக்குள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

பாடசாலைக்கு வருவோம். இங்கேதான் மிகக் கவனம் வேண்டும், வெளியூர்களிலிருந்து வரும் ஆலோசனைகள் பொருந்தாததும் இங்கேதான். கத்தோலிக்கப் பாடசாலைகளில் மறைபரப்பு வாரம் கொண்டாடுங்கள், வகுப்பு வகுப்பாக உண்டியல் வையுங்கள் என்பார்கள். எங்களிடம் அப்படிப் பாடசாலை எங்கே இருக்கிறது? 1960, 1961இல் அரசு பொறுப்பேற்றதோடு வன்னியில் திருச்சபை கட்டிய பாடசாலைகள் அரச பாடசாலைகளாகிவிட்டன. பெயர்ப்பலகையில் ரோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை என்று இருக்கும், பக்கத்தில் கோயிலும் இருக்கும், உள்ளே பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள், பல இடங்களில் அதிபரும் சைவர். அங்கே மறைபரப்பு உண்டியலை வகுப்புக்குள் கொண்டுபோவது முறையுமல்ல, புத்தியுமல்ல. பாடசாலையில் அனுமதியின்றிக் காசு சேர்த்தால் பதில் சொல்ல வேண்டியவர் அதிபர். அதைவிட முக்கியம், மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு ஊரில் எப்போதும் நெருப்புப் பிடிக்கக் காத்திருக்கிற ஒன்று. சண்டைக்குப் பிறகு வீடு வீடாகப் போன சில புதிய சபைகளின் வேகத்தால் சைவச் சனத்துக்கு ஏற்பட்ட எரிச்சலில் எங்களுக்கும் பங்கு விழுகிறது. பல தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரில் அந்தச் சந்தேகத்தை வரவழைத்து நடத்துகிற மறைபரப்பு எனக்கு வேண்டாம்.

நான் படிப்பித்த காலத்தில் ஒரு சதமும் பாடசாலை வழியாக வாங்கியதில்லை. கத்தோலிக்க பாட நேரத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு மட்டும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. யோசேவ் வாஸ் அடிகளாரைச் சரியாகப் படிப்பியுங்கள், அது போதும். பரீட்சைக்குப் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என்று மனப்பாடம் செய்விக்கிறோம். ஒல்லாந்தர் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்திறங்கிய மனிதரை அப்படிப் படிப்பிக்கலாமா? சில்லாலைச் சனம் அவரை ஒளித்து வைத்திருந்தது. பிள்ளைகளிடம் நான் கேட்பது: அவரை ஒளித்து வைத்த வீட்டுக்காரருக்கு என்ன பயம் இருந்திருக்கும்? சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள் எழுதிய விடைகளைத் திருத்த எனக்குச் சிவப்புப் பேனை எடுக்க மனம் வரவில்லை. அவர் வருவதற்கு முன் குருவே இல்லாத காலத்தில் செபம் சொல்லிக் கொடுத்து விசுவாசத்தைக் காத்தவர்கள் மூப்பரும் அண்ணாவிமாரும். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் வன்னிக் காட்டுக்குள் போனவை சாதாரணக் குடும்பங்கள். மடு மாதா கோயில் அப்படி வந்ததுதான். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலை காலிமுகத்திடலில் யோசேவ் வாஸுக்குப் புனிதர் பட்டம் கொடுத்த திருத்தந்தை பிரான்சிஸ், பின்னேரம் மடுவுக்குத்தான் வந்தார். மறைபரப்பு எங்கேயோ தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்கிற பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

காசு சம்பந்தப்பட்டதெல்லாம் ஞாயிறு மறைப்பாடசாலையில், பிள்ளைகளுக்கான மறைபரப்புச் சபையான திருப்பாலத்துவ சபை வழியாக. 1843இல் பிரெஞ்சு ஆயர் சார்ல்ஸ் த போர்பின் ஜான்சன் தொடங்கிய சபை. பிள்ளைகளிடம் அவர் கேட்டது நாளைக்கு ஒரு அருள்நிறைந்த மரியே, மாதத்துக்கு ஒரு சில்லறைக் காசு. இந்த அளவை மீறக் கூடாது என்பது என் அபிப்பிராயம். போட்டி வைத்தால் வெளிநாட்டில் மாமா இருக்கிற பிள்ளை வெல்லும், தோட்டக் கூலி வீட்டுப் பிள்ளை அடுத்த ஞாயிறு வராது. அதனால் எங்கள் பிள்ளைகள் உழைத்துச் சேர்க்கிறார்கள். கோயில் வளவில் ஒரு புளி நிற்கிறது. மாசி, பங்குனியில் பழம் விழும். பொறுக்கி, ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை நீக்கி, உப்புத் தூவி உருண்டை பிடிப்பது வரைக்கும் அவர்களே. கொட்டை நீக்கும் வேலை வாயால்தான் பாதி நடக்கிறது என்று தெரியும், கண்டும் காணாமல் இருந்துவிடுவேன். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போய்ப் பொறுக்கி விற்போமா என்று கேட்டார்கள். கூடவே கூடாது என்றுவிட்டேன். யானை ஒரு பக்கம், மிதிவெடி மறுபக்கம். எந்தக் காணிக்கையும் அதற்குப் பெறுமதியில்லை.

செபமாலை கோர்க்கும் வேலையும் நன்றாகப் பிடித்தது. 1951இல் அமெரிக்காவின் ஆயர் புல்டன் ஷீன் தொடங்கிய மறைபரப்புச் செபமாலைக்கு ஐந்து நிறம்: ஆபிரிக்காவுக்குப் பச்சை, அமெரிக்காவுக்குச் சிவப்பு, ஐரோப்பாவுக்கு வெள்ளை, ஓசியானியாவுக்கு நீலம், ஆசியாவுக்கு மஞ்சள். சந்தையில் வாங்கிய மணி, மீன்வலை நூல். அளவெடுத்து முடிச்சுப் போடும் வேலையை வலை பின்னத் தெரிந்த ஒரு பையன் எடுத்துக்கொண்டான். வகுப்பில் வாசிக்கத் திணறுகிறவன். நீல மணி சொல்லும்போது ஓசியானியா எங்கே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், உலகப்படத்துக்கு எல்லோரும் ஓடுவார்கள். கோர்த்த செபமாலைகளைப் படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு நற்கருணையோடு கொண்டுபோகிறோம். மறைபரப்பின் பாதுகாவலியாக 1927இல் அறிவிக்கப்பட்ட குழந்தை தெரேசா மடத்தை விட்டு எந்த மிசன் நாட்டுக்கும் போனவரல்ல. முள்ளந்தண்டில் காயப்பட்டு ஆண்டுக்கணக்காகக் கிடக்கிறவர்களிடம் மஞ்சளுக்கு ஒரு பத்து, பச்சைக்கு ஒரு பத்து சொல்லித் தாருங்கள் என்று கேட்பது, சுகமாகிவிடும் என்று ஆறுதல் சொல்வதை விட எவ்வளவோ மேல். அவர்கள் உதவி பெறுகிறவர்களாக இருந்தே களைத்துப் போனவர்கள்.

மறைபரப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் ஏலம். காணிக்கையாக வந்த வாழைக்குலை, பூசணி, தயிர்ச்சட்டி, கோழிக்குஞ்சு, எங்கள் அரிசிமாப் பொதி எல்லாம் முன்மேசையில். கூவுகிறவர் நகைச்சுவை தெரிந்தவராக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். கோயிலுக்கு வெளியே நிற்கும் சைவ அயலவர்களும் வந்து கேட்பார்கள். ஏலத்தில் பூசணி வாங்குவதில் யாருக்கும் மதம் மாறுவதில்லை. ஒரு பூசணி சந்தை விலையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனதும், வாங்கியவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்து இன்னொரு தடவை ஏலம் போகவிட்டதும் நடந்திருக்கிறது.

கணக்கு விடயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். இரண்டு பேர் எண்ணி, கொப்பியில் இரண்டு பேரும் கையெழுத்து. திருவிழாக் காசோடு கலக்கவே கூடாது, அடுத்த வாரம் திருப்பி வைக்கிறோம் என்று எடுக்கும் காசு திரும்புவதில்லை. வீடு வீடாக யார் எவ்வளவு என்று வாசிப்பதில்லை. அன்பியத்துக்கு எவ்வளவு அரிசி, அது எவ்வளவு மாவாயிற்று, என்ன விலைக்குப் போனது, புளி எவ்வளவு, உறைகளில் எவ்வளவு, மறைமாவட்டத்திலிருந்து வந்த பற்றுச்சீட்டின் பிரதி, எல்லாம் அறிவித்தல் பலகையில் அடுத்த ஞாயிறு தொங்க வேண்டும். பற்றுச்சீட்டு வரப் பிந்தினால் பிந்துகிறது என்று எழுதித் தொங்கவிடுங்கள். அந்த வயதானவர், முதலில் எழும்பிக் கேள்வி கேட்டவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிப்பார். அவர் வாசிக்கிறார் என்பதற்காகவே கூட்டல் பிழை விடாமல் எழுதுவோம்.

கடைசியாக, இன்னும் முழுசாகத் தீராத ஒரு சங்கதி. எங்கள் ஊரிலிருந்து கனடா போன ஒருவர் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் எடுத்தார். "ஏன் டீச்சர் இந்தச் சனத்தைப் பிடியரிசி, புளி எண்டு கரைச்சல்படுத்திறியள்? மொத்தமா எவ்வளவு வேணும் சொல்லுங்கோ, நான் ஒரே தடவையில போட்டுவிடுறன்." நல்ல மனம், சந்தேகமில்லை. மதில் கட்டும் வேலைக்கு அப்படித்தான் போட்டவர். ஆனால் இதை வாங்கினால் அடுத்த மாசியில் அரிசி வாளி ஒன்றும் நிரம்பாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேண்டாம் என்று முகத்திலடித்தாற்போல் சொல்லவும் முடியாது. பாதரும் நானும் யோசித்து அவருக்குச் சொன்னோம்: ரொறன்ரோவிலும் அதே ஞாயிறுதான் உங்கள் பங்கில் மறைபரப்புக் காணிக்கை எடுப்பார்கள், அதில் போடுங்கள், அதுவும் இதே நிதிக்குத்தான் போகிறது. அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை. தன் ஊர்ப் பெயரில் போனால்தானே சந்தோசம் என்றார். ஒரு வேலை செய்யுங்கோ அண்ணை, அங்கே உங்கட பங்கில் இருக்கிற எங்கட ஊர்ப் பிள்ளைகளில் பத்துப் பேரைச் சேருங்கோ, ஆளுக்கு மாதம் ஒரு டொலர் என்றேன். பார்க்கிறேன் என்று வைத்தார். இதுவரை இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்களாம்.